மடிக்கணினி வாங்குவோரும் இயங்குதளத் தேர்வும்

தானேயையும் வாஷியையும் இணைக்கும் ரயில் பாதையில், கன்சோலி நிலையத்தை அடுத்து அமைந்திருப்பது கோபர்கைரனே. நவி மும்பை நகரை அமைப்பதற்கென 1970இல் தோற்றுவிக்கப்பட்ட சிட்கோ நிறுவனம் திட்டமிட்டு உருவாக்கிய குடியிருப்புக்களுள் இதுவும் ஒன்றாகும். வாஷியின் மொத்த விற்பனைச் சந்தைகளில் மூட்டை சுமக்கும் மாதாடித் தொழிலாளரின் வீடுகளும், தொலைத் தொடர்பு நிறுவனங்களின் பெரிய வளாகங்களும் இங்கு அண்டை அயலாக உள்ளன. தமிழ்க் குடும்பங்களும் இங்கு வாழ்கின்றன. பள்ளியிறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவந்து கல்லூரிகளில் சேர்க்கை தொடங்கும் காலத்தில், இங்குள்ள ஆசிரியர்கள் பெற்றோரிடமிருந்து எதிர்நோக்கும் வினா ஒன்று உண்டு. "பிள்ளைக்கு எந்த மடிக்கணினி வாங்கலாம்?" என்பதே அவ்வினா.

இவ்வினாவிற்கு விடை கூறுவது எளிதன்று. பல மாதச் சேமிப்பு அதில் அடங்கியுள்ளது. வாங்கிய பின்னர் மாற்றிக்கொள்ள இயலாத பொருள் அது. ஆசிரியரின் ஒரு சொல்லை நம்பிக் குடும்பம் பணத்தைச் செலவிடுகிறது. ஆகவே, அச்சொல் எந்த ஆராய்ச்சியின் அடிப்படையில் பிறக்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளக்கத்தின் பொருட்டு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தை வாஷிச் சந்தையில் வேலை பார்ப்பவர். மூத்த மகள் வணிகவியல் பட்டப் படிப்பில் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். இளைய மகன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். வீட்டில் 30,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கின்றனர். கடைக்காரர் மூன்று மடிக்கணினிகளை முன்வைக்கிறார். முதலாவது, விண்டோஸ் 11 பொருத்திய புதிய கணினி. அதன் விலை சேமிப்பைத் தாண்டுகிறது. மீதியைத் தவணையில் கட்டலாம் என்கிறார். இரண்டாவது, அதே போன்ற புதிய கணினி. விலை சற்றுக் குறைவு. விவரச் சீட்டில் 'டாஸ்' என்று அச்சிடப்பட்டிருக்கிறது. மூன்றாவது, ஏதோ ஓர் அலுவலகத்தில் உபயோகித்துக் கழித்த பழைய கணினி. விண்டோஸ் 10 உடையது. விலை மற்றவற்றிற் பாதியளவே. இம்மூன்றுள் எதனை வாங்குவது?

இயங்குதளம் என்பது யாது?

கணினி வாங்கச் செல்வோர் திரையின் அளவையும் நினைவகத்தின் அளவையும் விசாரிக்கின்றனர். இயங்குதளத்தைப் பற்றி விசாரிப்போர் சிலரே. ஆயினும் கணினி நமக்கு எவ்வேலைகளைச் செய்து தரும், எத்தனை ஆண்டுகள் பாதுகாப்பாக உழைக்கும் என்பவற்றைப் பெரிதும் நிர்ணயிப்பது இயங்குதளமேயாகும்.

கணினியின் மின்சுற்றுக்கள் தாமாக எதனையும் செய்வதில்லை. நாம் அழுத்தும் எழுத்தைப் பெற்றுத் திரையில் தோற்றுவித்தல், எழுதியதைக் கோப்பாகச் சேமித்தல், அச்சுப்பொறிக்கு அனுப்புதல் ஆகிய அனைத்தையும் மேற்பார்வை செய்ய ஓர் அடிப்படை மென்பொருள் தேவைப்படுகிறது. அதுவே இயங்குதளம். தாதர் ரயில் நிலையத்தை நினைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். அங்குத் தண்டவாளங்கள் சில; வண்டிகளோ பல. எவ்வண்டி எத்தடத்தில் எப்பொழுது வரவேண்டும் என்று கட்டுப்பாட்டு அறை ஒழுங்கு செய்வதாலேயே யாவும் மோதலின்றி ஓடுகின்றன. அதைப் போன்றே, கணினியின் மையச் செயலகத்தை நாடி நிற்கும் பல மென்பொருள்களுக்கும் இயங்குதளம் நொடியின் சிறு கூறுகளைப் பகிர்ந்தளிக்கிறது. மாற்றம் மிக விரைவாக நிகழ்வதால், பாடலும் எழுத்து வேலையும் ஒரே சமயத்தில் நடைபெறுவதாக நமக்குத் தோன்றுகிறது.

ஒரு தளத்திற்காக எழுதப்பட்ட மென்பொருள் மற்றொரு தளத்தில் ஏன் ஓடுவதில்லை என்று மாணவர் கேட்பதுண்டு. கோப்பைத் திறக்கவோ நினைவகத்தில் இடம் பெறவோ விரும்பும் மென்பொருள், இயங்குதளத்திடம் அதற்குரிய முறையில் கோரிக்கை விடுக்க வேண்டும். ஓர் அலுவலகத்தின் விண்ணப்பப் படிவத்தை மற்றோர் அலுவலகம் ஏற்றுக்கொள்ளாதது போல, ஒரு தளத்தின் கோரிக்கை முறையை மற்றொரு தளம் ஏற்பதில்லை. மேலும் மையச் செயலகங்களிலும் வகைகள் உள. இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்களின் செயலகங்கள் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. கைப்பேசிகளில் பெரிதும் காணப்படும் ஆர்ம் வகை வேறொரு குடும்பம். இரண்டின் ஆணைத் தொகுதிகளும் வெவ்வேறானவை.

போட்டியிடும் தளங்கள்

இன்று மடிக்கணினிச் சந்தையில் நான்கு வகைத் தளங்கள் போட்டியிடுகின்றன.

முதலாவது, மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். 1981இல் வெளிவந்த எம்.எஸ்.-டாஸ் என்னும் தளத்தின் மேல் அமைந்த ஒரு வசதியாக 1985இல் இது தோன்றியது. மடிக்கணினிகளில் மிக அதிகமாகக் காணப்படும் தளம் இதுவே. இதன் உரிமக் கட்டணம் பெரும்பாலும் கணினியின் விலையிலேயே அடங்கியிருக்கும்.

இரண்டாவது, ஆப்பிள் நிறுவனத்தின் மேக் ஓஎஸ். அந்நிறுவனம் தன் கணினிகளுக்கு மட்டுமே இதனை வழங்குகிறது. ஆகவே, இத்தளத்தைத் தேர்வது என்பது அக்கணினியைத் தேர்வதேயாகும். 2020 முதல் ஆப்பிள் தன் சொந்தச் செயலகங்களுக்கு மாறியது. இன்டெல் செயலகம் உடைய பழைய மேக் கணினிகளை ஏற்கும் இறுதிப் பதிப்பு 2025இல் வெளிவந்ததாகும். பழைய மேக் வாங்க விரும்புவோர் இதனைக் கவனிப்பது அவசியம்.

மூன்றாவது, லினக்ஸ். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டத்தின் மென்பொருள்களும், பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட கருநிரலும் இணைந்து வளர்ந்தது இத்தளம். இதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். இதற்கு உரிமக் கட்டணம் இல்லை. டெபியன், உபுண்டு, மின்ட் முதலியன இதன் பல்வேறு வெளியீடுகள். நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்' என்னும் வெளியீடு 2007இல் வெளிவந்தது. இந்திய மொழிகளுக்கு இடமளிப்பது அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. மத்திய அரசும் 2015இல் வெளியிட்ட கொள்கையில், அரசு அலுவலகங்களின் மென்பொருள் தேர்வில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்குமாறு கூறியுள்ளது.

நான்காவது, கைப்பேசி, இணைய உலாவி ஆகியவற்றை ஒட்டிப் பிறந்த எளிய தளங்கள். 2011இல் சந்தைக்கு வந்த குரோம்புக் கணினிகளில் உள்ள குரோம் ஓஎஸ் இவ்வகையைச் சேர்ந்தது. இவற்றின் அடியிலும் லினக்ஸ் கருநிரலே உள்ளது. ஆனால் நாம் மேலே காண்பது இணைய உலாவியும் கைப்பேசிச் செயலிகளுமே.

இந்த நான்காம் வகைக்கு எடுத்துக்காட்டு கோபர்கைரனேயின் அண்டையிலேயே கிடைக்கிறது. கன்சோலியிலுள்ள ரிலையன்ஸ் வளாகத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஜியோ நிறுவனம், ஜியோபுக் என்னும் சிறு மடிக்கணினியை 2022இல் வெளியிட்டது. அரசின் ஜெம் கொள்முதல் தளத்தில் அப்போது அதன் விலை 19,500 ரூபாய். 2023 ஆகஸ்டு மாதம் வெளிவந்த அடுத்த பதிப்பு 16,499 ரூபாய்க்கு விற்கப்பட்டது. 990 கிராம் எடை, 11.6 அங்குலத் திரை, 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பகம், ஆர்ம் வகைச் செயலகம் ஆகியவை அதன் விவரங்கள். ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட ஜியோஓஎஸ் அதன் தளம். பாடக் காட்சிகளைப் பார்க்கவும், குறிப்பெழுதவும், இணைய வகுப்பில் கலந்துகொள்ளவும் இத்தகைய கருவி ஏற்றது. ஆயின் விண்டோஸுக்கென எழுதப்பட்ட கணக்கு மென்பொருளை அதில் நிறுவ இயலாது. ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்குப் போதுமான கருவி வணிகவியல் மாணவிக்குப் போதாமற் போகலாம் என்பதை இதனால் அறிகிறோம்.

தமிழ்நாடும் கேரளமும் கண்ட அனுபவம்

இயங்குதளத் தேர்வு தனிப்பட்ட குடும்பங்களின் பிரச்சினை மட்டுமன்று. மாநில அரசுகளும் இதனை ஆராய்ந்துள்ளன. தமிழ்நாட்டில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. கொள்முதலை ஏற்ற எல்காட் நிறுவனம், தொடக்கத்தில் வழங்கிய கணினிகளில் விண்டோஸையும் பாஸ் லினக்ஸையும் ஒருங்கே பொருத்தியது. கணினியை முடுக்கியதும் இரண்டின் பெயர்களும் திரையில் தோன்றும்; மாணவர் விரும்பியதைத் தெரிந்தெடுக்கலாம். 2018இல் வெளிவந்த பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலும் விண்டோஸ், உபுண்டு ஆகிய இரண்டையும் கற்பிக்கிறது. கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கணினி வழங்கும் புதிய திட்டத்திற்காக 2025இல் கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளியில் 8 ஜி.பி. நினைவகமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. சேமிப்பகமும் குறிக்கப்பட்டிருந்தன. வீட்டிற்கு வாங்குவோரும் இவ்வளவுகளைக் குறைந்த எல்லையாகக் கொள்ளலாம்.

கேரளத்தில் 'ஐடி@ஸ்கூல்' திட்டம் வேறொரு வழியைப் பின்பற்றியது. பள்ளிக் கணினிகளில் லினக்ஸைப் பொருத்தியதோடு அது நின்றுவிடவில்லை. பாடநூல்கள் அத்தளத்தை ஒட்டி எழுதப்பட்டன. ஆசிரியர்கள் அதிலேயே பயிற்சி பெற்றனர். செய்முறைத் தேர்வும் அதிலேயே நடத்தப்பட்டது. பின்னர் கைட் என்னும் நிறுவனமாக வளர்ந்த அவ்வமைப்பு, பள்ளிகளுக்கெனத் தனி வெளியீடுகளையே ஆயத்தம் செய்து வருகிறது.

இவ்விரண்டு அனுபவங்களையும் ஒப்புநோக்கினால் ஓர் உண்மை புலனாகிறது. கணினியில் ஒரு தளம் இருப்பது வேறு; அது உபயோகத்திற்கு வருவது வேறு. கற்பிப்போரும், பாடநூலும், தேர்வும், பழுது நேர்ந்தால் உதவுவோரும் எத்தளத்தைச் சார்ந்துள்ளனரோ அத்தளமே மாணவனுக்குப் பயன்படும். எனவே எத்தளம் சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதிற் பயனில்லை. இம்மாணவனுக்கு, இவ்வூரில், இப்பாடத்திற்கு எது பொருந்தும் என்று கேட்பதே முறை. அதனை நிர்ணயிக்கப் பின்வரும் நான்கு வினாக்கள் உதவும்.

முதல் வினா: எவ்வேலைக்கு?

மாணவரின் அடுத்த மூன்றாண்டு வேலைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொல்ல வேண்டும். பின்னர் அவ்வேலை ஒவ்வொன்றுக்கும் தேவையான மென்பொருளின் பெயரை எதிரே குறிக்க வேண்டும். இணையத்தில் படித்தல், கடிதம் எழுதுதல், அட்டவணை தயாரித்தல், நிரல் எழுதக் கற்றல் ஆகியவற்றிற்கு முதல் மூன்று தளங்களுள் எதுவும் போதும். லிப்ரெ ஆபீஸ் என்னும் இலவச அலுவலக மென்பொருள் அம்மூன்றிலும் ஓடுகிறது. மைக்ரோசாப்ட் வேர்டில் எழுதிய கோப்புக்களையும் அது திறக்கும். எனினும், சிக்கலான பக்க அமைப்புக்கள் சிறிது இடம் மாறக்கூடும்.

சில மென்பொருள்கள் விண்டோஸையே வேண்டுவன. வணிகவியல் மாணவர் பயிலும் டாலி அவற்றுள் ஒன்று. உரிமம் வாங்காதவரும் கற்றுக்கொள்வதற்கெனச் சில கட்டுப்பாடுகளுடன் கூடிய இலவசப் பயிற்சி முறை அதில் உண்டு. ஜி.எஸ்.டி. விவரங்களை இணையத் தொடர்பின்றித் தயாரிக்கும் அரசின் கருவியும் விண்டோஸிற்கே அமைந்தது. மகாராஷ்டிரத்தில் அரசுப் பணி நாடுவோர் பலர் பயிலும் எம்.எஸ்.-சி.ஐ.டி. பயிற்சியும் பெரும்பாலும் விண்டோஸையும் மைக்ரோசாப்ட் அலுவலக மென்பொருள்களையும் கொண்டே நடைபெறுகிறது. வீட்டிலிருந்து எழுதும் சில இணையத் தேர்வுகளின் கண்காணிப்பு மென்பொருள்கள் லினக்ஸில் ஓடுவதில்லை. பட்டியலில் இத்தகைய பெயர் ஒன்றேனும் இருப்பின், அதனைக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்து முடிக்க இயலுமா, வீட்டிலும் அவசியமா என்று விசாரித்தறிய வேண்டும். வீட்டிலும் அவசியம் என்றால் விண்டோஸையே தேர்தல் நன்று.

இரண்டாம் வினா: எத்தனை ஆண்டுகளுக்கு?

எந்த இயங்குதளத்திலும் காலப்போக்கில் குறைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. தீய நோக்கமுடையோர் அக்குறைகளின் வழியே நுழைந்து கடவுச்சொற்களையும் வங்கி விவரங்களையும் திருடக்கூடும். ஆகவே, தளத்தை வெளியிட்டோர் அவ்வப்போது திருத்தங்களை அனுப்புகின்றனர். இத்திருத்தங்கள் நின்றுபோன பின்னரும் கணினி ஓடும்; ஆனால் அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது பூட்டில்லாத பெட்டியில் பணம் வைப்பதற்கு ஒப்பாகும்.

விண்டோஸ் எக்ஸ்பி 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7 2020 ஜனவரியிலும் இந்நிலையை அடைந்தன. விண்டோஸ் 10க்கான வழக்கமான திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றன. வீட்டில் உபயோகிப்போர் பதிவு செய்துகொண்டால் மேலும் ஓராண்டு திருத்தம் பெறலாம் என்று அந்நிறுவனம் அப்போது அறிவித்தது. அடுத்ததாகிய விண்டோஸ் 11 எல்லாப் பழைய கணினிகளிலும் பொருந்துவதில்லை. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும், இன்டெல் செயலகமாயின் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ அதற்கு வேண்டும். எட்டாம் தலைமுறைச் செயலகங்கள் 2017இல் வெளிவரத் தொடங்கின. ஆகவே, கழித்த கணினிகள் மலிவாக விற்கப்படும்போது செயலகத்தின் தலைமுறை எது என்று கேட்பது முதற்கடமையாகும். மைக்ரோசாப்ட் இலவசமாக வழங்கும் 'பி.சி. ஹெல்த் செக்' என்னும் மென்பொருள், அக்கணினி விண்டோஸ் 11க்கு ஏற்றதா என்பதைச் சில நிமிடங்களில் கூறிவிடும்.

லினக்ஸ் வெளியீடுகளுக்கும் கால எல்லை உண்டு. எடுத்துக்காட்டாக, 2024 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 24.04 பதிப்பிற்கு ஐந்தாண்டுக் காலம் திருத்தங்கள் வழங்கப்படுகின்றன. அது முடிந்ததும் அடுத்த பதிப்பைக் கட்டணமின்றி நிறுவிக்கொள்ளலாம். பழைய செயலகங்களை லினக்ஸ் நீண்ட காலம் ஏற்றுக்கொள்வதால், விண்டோஸ் 11 ஏற்காத கணினிக்கும் அது வாழ்வளிக்கிறது. குரோம்புக் கணினிகளைப் பொறுத்தவரையில், 2021 முதல் வெளிவந்த மாதிரிகளுக்கு அவை வெளிவந்த நாளிலிருந்து பத்தாண்டுக் காலம் திருத்தம் அளிப்பதாகக் கூகுள் 2023இல் அறிவித்தது. நாம் வாங்கிய நாளிலிருந்து அன்று என்பதை மறத்தலாகாது.

மூன்றாம் வினா: யார் உதவுவார்?

கணினி ஒருநாள் திறக்க மறுத்தால் மாணவர் யாரிடம் செல்வார்? பக்கத்துக் கடைக்காரர் விண்டோஸை மட்டுமே அறிந்தவராயின், லினக்ஸ் உபயோகிப்பவர் தாமே கற்றுக்கொள்ள ஆயத்தமாயிருத்தல் வேண்டும். இதற்குத் துணை இல்லாமலில்லை. பவாயிலுள்ள மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் லினக்ஸ், லிப்ரெ ஆபீஸ் முதலியவற்றைக் கற்பிக்கும் சிறு காட்சிப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பலவற்றிற்குத் தமிழ் ஒலியும் சேர்க்கப்பட்டுள்ளது. ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியரேனும் இவற்றைப் பயின்றிருந்தால், அவரைச் சுற்றிப் பல மாணவர் துணிந்து லினக்ஸை மேற்கொள்ள இயலும்.

தமிழில் எழுதும் வசதியும் இங்கு எண்ணத்தக்கது. இன்றைய விண்டோஸ், மேக் ஓஎஸ், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கிறது. தனி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ஒருங்குறியில் எழுதியதை எத்தளத்திலும் படிக்கலாம். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஆயினும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வினாத்தாள்கள் பல பள்ளிகளில் உள்ளன. தளம் மாறுவதற்கு முன் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வது நலம்.

நான்காம் வினா: முழுச் செலவு எவ்வளவு?

சீட்டில் உள்ள விலையோடு செலவு முடிவதில்லை. அலுவலக மென்பொருளுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டா, நினைவகத்தைப் பின்னர் கூட்ட இயலுமா, மின்கலம் மாற்ற எவ்வளவு ஆகும் என்பவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். சில மெல்லிய கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதனைக் கூட்ட இயலாது.

'டாஸ்' என்று குறித்து விற்கப்படும் கணினியைப் பற்றியும் தெளிவு வேண்டும். அதில் இன்றைய வேலைகளுக்கு உதவும் இயங்குதளம் எதுவும் இல்லை என்பதே அக்குறிப்பின் பொருள். விண்டோஸ் உரிமத்தின் விலை நீங்குவதால் அது மலிவாகிறது. லினக்ஸ் உபயோகிக்கக் கருதுவோர்க்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் கடைக்காரர் சிறு தொகை பெற்றுக்கொண்டு உரிமமில்லா விண்டோஸை அதில் ஏற்றித் தருவதாகக் கூறின், அதனை மறுத்தல் வேண்டும். சட்டத்திற்குப் புறம்பானது என்பது ஒருபுறமிருக்க, உரிமப் பாதுகாப்பை உடைக்கும் மென்பொருள்களோடு வேவு நிரல்களும் உடன் நுழைவது வழக்கம். பெற்றோரின் வங்கிக் கணக்கு அக்கணினியிலேதான் திறக்கப்படும் என்பதை அவர்களுக்கு எடுத்துக் கூறுவது ஆசிரியர் கடமை.

வாங்குமுன் செய்யத்தக்க சோதனை

லினக்ஸைக் கணினியில் நிறுவாமலே சோதித்துப் பார்க்க இயலும். 8 ஜி.பி. கொள்ளும் ஒரு பென்டிரைவில் உபுண்டு அல்லது மின்ட் வெளியீட்டை முறைப்படி எழுதி, அதிலிருந்தே கணினியை முடுக்கலாம். கணினியின் சேமிப்பகத்தில் உள்ளவற்றை இச்சோதனை தொடுவதில்லை. 'நிறுவுக' என்னும் கட்டளையை மட்டும் தவிர்த்தல் வேண்டும். கடைக்காரரின் சம்மதத்துடன் பின்வருவனவற்றை வரிசையாகப் பார்க்கலாம்:

(1) வைஃபை இணைகிறதா?
(2) ஒலிபெருக்கியும் ஒலிவாங்கியும் வேலை செய்கின்றனவா?
(3) படக்கருவி தெளிவாகக் காட்டுகிறதா?
(4) மூடித் திறந்தால் திரை மீண்டும் ஒளிர்கிறதா?
(5) வகுப்பறைப் படவீழ்த்தியுடன் இணைகிறதா?
(6) தமிழ்99 விசைப்பலகையில் ஒரு பத்தி எழுத முடிகிறதா?

இவற்றுள் ஏதேனும் தவறினால், அச்சாதனத்திற்குரிய இயக்கு நிரல் அவ்வெளியீட்டில் இல்லை என்று கொள்ளலாம். வேறொரு வெளியீட்டைச் சோதிக்கலாம். அல்லது அக்கணினியைத் தவிர்க்கலாம். உயர் வகுப்பு மாணவர்க்கு இதனை ஒரு செய்முறைப் பாடமாகவே நடத்தலாம்.

களப் பணியாளர் கவனத்திற்கு

களப் பணியாளர்கள் நிரப்பும் அரசு வலைத்தளங்கள் பெரும்பாலும் உலாவி வழியே இயங்குவன. ஆகவே எத்தளத்திலும் திறக்கும். நில வரைபடத்திற்குரிய கியூ-ஜிஐஎஸ், புள்ளியியலுக்குரிய ஆர் ஆகிய இலவச மென்பொருள்கள் விண்டோஸ், மேக் ஓஎஸ், லினக்ஸ் மூன்றிலும் கிடைக்கின்றன. மின்னணுக் கையொப்பம் இடும் யூஎஸ்பி சாதனத்தை உபயோகிப்போர் மட்டும், அதன் இயக்கு நிரல் தாம் கருதும் தளத்திற்கு உண்டா என்பதை வழங்கியவரிடம் முன்னரே கேட்டறிய வேண்டும். பழைய கணினியில் தளத்தை மாற்றுமுன், எல்லாக் கோப்புக்களையும் வேறொரு சேமிப்பகத்தில் பிரதி எடுத்து, அப்பிரதி திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரதி எடுக்காமல் நிறுவத் தொடங்கிப் பல மாத விவரங்களை இழந்தவர் உண்டு.

அக்குடும்பம் எதை வாங்கலாம்?

இனி, நாம் எடுத்துக்கொண்ட குடும்பத்திற்குத் திரும்புவோம். மகளின் பட்டியலில் டாலி இடம்பெற்றுள்ளது. அதனை வீட்டிலும் பழக வேண்டும் என்று கல்லூரியில் கூறுகின்றனர். ஆகவே விண்டோஸ் வேண்டும். மகனுக்கு எத்தளமும் போதும். 'டாஸ்' கணினியை வாங்கினால் விண்டோஸ் உரிமத்திற்குத் தனியே பணம் கட்ட நேரும். அப்போது முதலாவதற்கும் அதற்கும் விலையில் பெரிய வேற்றுமை இராது. முதலாவதை வாங்கினால் தவணைக் கடன் ஏற்படும்.

மூன்றாவதான பழைய கணினியின் தகுதி ஒரே ஒரு விவரத்தைச் சார்ந்தது. அதன் செயலகம் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆகி, 'பி.சி. ஹெல்த் செக்' சோதனையிலும் தேறினால், முறையான உரிமமுள்ள விண்டோஸ் 10ஐக் கட்டணமின்றி விண்டோஸ் 11 ஆக உயர்த்திக்கொள்ளலாம். 8 ஜி.பி. நினைவகமும் எஸ்.எஸ்.டி. சேமிப்பகமும் இருந்து, மின்கலம் நல்ல நிலையில் இருந்து, ரசீதும் சில மாத உத்தரவாதமும் கிடைப்பின் அதனையே வாங்கலாம். கடன் இல்லை, சேமிப்பிலும் ஒரு பகுதி எஞ்சும். மகனுக்காக அதிலேயே லினக்ஸையும் உடன் நிறுவலாம். செயலகம் அதற்கு முந்தியதாயின், எவ்வளவு மலிவாயினும் மகளின் வேலைக்கு அது ஏற்றதன்று. அந்நிலையில் தவணையை ஏற்று முதலாவதை வாங்குவதே தகும். மகளுக்கு டாலி கல்லூரி ஆய்வகத்திலேயே போதும் என்றிருந்தால், முந்திய தலைமுறைக் கணினியும் லினக்ஸுடன் இருவருக்கும் பல்லாண்டு உதவும்.

ஒரே கடையில், ஒரே தொகையுடன் நிற்கும் ஒரு குடும்பத்திற்கே விவரங்கள் மாற மாற விடையும் மாறுவதைக் காண்கிறோம். ஆகவே, ஆசிரியர்கள் தாம் உபயோகிக்கும் தளத்தின் பெயரை விடையாகக் கூறிவிடாமல், மேற்கூறிய நான்கு வினாக்களையும் மாணவரிடமே கேட்டு, விடைகளை எழுதச் செய்வார்களாக. எழுதிய தாளுடன் கடைக்குச் செல்லும் குடும்பம், கடைக்காரர் காட்டுவதை வாங்காது தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கும்.